ஆறாவது படம்

ஆறு கட்டங்கள் காட்டியது செயலி.
பயணம் பிடிக்குமா, படங்களைச் சேருங்கள் என்றது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
என் வண்டி இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர்
ஓடியிருக்கிறது.

"இன்னாடா முனிரத்தினம், நீ பாக்காத ஊரா?
கடல் ஒண்ணு போடு, மலை ஒண்ணு போடு.
கோயில் வோணாம், வயசானவன்னு நெனச்சுக்கும்.
கூலிங் கிளாஸ் வோணாம்.
கும்பலா நிக்கிறது வோணவே வோணாம்,
இதுல எவன் நீன்னு அது எதுக்குத் தேடணும்?"
காகிதப்பட்டறையில் செல்போன் கடை வைத்திருக்கும்
கஜபதி சொன்னான். மணமாகிப் பதினோரு வருடம் அவனுக்கு.

கேலரியைத் திறந்தேன்.
ஏலகிரிப் படித்துறையில் மால்டாக்காரர் குடும்பம்,
பெரியவர் கழுத்தில் பட்டை.
ஜமுனாமரத்தூர் அருவியில்
நாளைக்கு ஆபரேஷன் என்பதை மறந்த ஒரு சிறுவன்.
மகாபலிபுரத்தில்
சிறுநீரகம் கொடுத்த அக்காவும் வாங்கிய தம்பியும்
ஒரே ஐஸ்கிரீமுக்குச் சண்டை போடுகிறார்கள்.
எனக்குத் தெரிந்த வங்காளம் மொத்தம் பதினைந்து சொல்:
வாடகை, சாப்பாடு, வலி, இறங்குங்க,
அப்புறம் 'எக்டு ஹாஸுன்' —
கொஞ்சம் சிரிங்க.
அவர்கள் முகத்தில் வெளிச்சம் விழ
வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு சொல்வேன்.
சிரித்திருக்கிறார்கள், எல்லாரும், என்னைப் பார்த்து.

என் படம் ஒன்றுகூட இல்லை.
ஒன்றில் வண்டியின் பக்கக் கண்ணாடியில்
பாதிக் காது.

"அம்பது ரூபா குடு, காஷ்மீர்ல நிக்கவைக்கிறேன்"
என்றான் கஜபதி. நிற்கவைத்தான்.
முழங்கால் வரை பனி.
காக்கி அரைக்கை சட்டை.
நெற்றியில் மே மாதத்து வேலூர் வேர்வை.
அழித்துவிட்டேன்.

பிறத்தியார் சிரிக்கும் ஐந்து படங்களையே போட்டேன்.
உங்கள் முகம் தெரியும் படம் ஒன்று தேவை என்று
செயலி நாலு தரம் நச்சரித்தது.
பதினெட்டு நாள் ஒருத்தரும் வரவில்லை.
பத்தொன்பதாம் நாள் குடியாத்தத்திலிருந்து ஒரு பெண்:
"ஏலகிரி போய்வர எவ்வளவு ஆகும்? ஏசி உண்டா?"
சொன்னேன். அதிகம் என்றாள்.

பிறகு எப்சிபா.
சத்துவாச்சாரி, எக்ஸ்ரே பிரிவு, வயது முப்பத்துமூன்று.
வணக்கம்கூட இல்லை, நேராகக் கேள்வி:
"அஞ்சு படத்துலயும் கீழே ஒரே ஆள் நிக்கிறாரே,
ரெண்டு முழங்கையும் விரிச்சுக்கிட்டு.
யார் அது?"

ஓரம் கட்டி நிறுத்திப் பார்த்தேன்.
அட, ஆமாம்.
படித்துறையில் மடங்கி மடங்கி ஏறுகிறது ஒரு நிழல்.
கடற்கரையில் நீண்டு போய்
அந்த அக்காவின் மடியில் தலை வைத்திருக்கிறது.
பெரியவரின் செருப்பைத் தொடுகிறது.
எத்தனை வருடமாய் என்னை
எங்கெங்கோ விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நான் பதில் எழுதும் முன்னே மறுபடி அவள்:
"நிழல் பாக்குறதுதான் என் டியூட்டி.
ஒரு தோள் விரற்கடை இறங்கியிருக்கு.
பழைய முறிவா?"
பள்ளிகொண்டா சுங்கச்சாவடி, மழை, பைக்.
வீட்டில்கூட வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொல்லியிருந்தேன்.
அவளிடம் உண்மையைத் தட்டச்சு செய்தேன்.
"சரியா சேரலை" என்றாள்.
எலும்பைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அவள் படங்களைப் பார்த்தேன். ஆறிலும்
ஒரே சுவர், வெள்ளைச் சுவர், ஒரே கதவு.
"நைட் டியூட்டி முடிஞ்சா தூக்கம்.
பொறந்ததுலேர்ந்து இந்த ஊரு.
ஏலகிரிக்கு ஒருதரம்கூடப் போனதில்லை."
வாடகை அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பாலாற்றுப் பாலம், காட்பாடிப் பக்கம்.
சாயங்காலம் வெயில் தாழ வரட்டுமா என்றேன்.
"வேணாம். உச்சி வெயில்ல வாங்க.
பன்னெண்டு மணிக்கு.
நிழல் காலுக்கடியில போயிடும்,
ஆளைப் பாக்கணும்."

ஆறாவது கட்டம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.
காக்கி இல்லாத சட்டை
என்னிடம் ஒன்று இருந்தது,
அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.